தூண்டில் இரைக்கு மணல் நண்டு பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கம்பிவலைப் பெட்டியோடு அலையோரம் நின்றால் போதும், யாராவது வந்து கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்பவர்தான் மாறுவார். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால். நடுவில் இருந்து படித்தால் சில பதில்கள் முன்னால் சொன்னதைச் சுட்டும். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல் நண்டுன்னா எது? கரையில வளை தோண்டிக்கிட்டு பக்கவாட்டுல ஓடுமே, அதுவா?

அது இல்லை. காய்ந்த மணலில் வளை தோண்டி, கண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வேறு இனம். அதற்குக் கொடுக்கு உண்டு. இங்கே பேசுவது அலை ஏறி இறங்கும் ஈர மணலுக்குள்ளேயே புதைந்து வாழும் சின்ன உயிரினத்தை. முட்டை வடிவ உடல், சாம்பல் அல்லது மணல் நிற ஓடு, தட்டையான கால்கள். பெரிய பெண் நண்டே பெரும்பாலும் 3 முதல் 3.5 சென்டிமீட்டர் நீளம்தான். ஆண் அதைவிடச் சிறியது.

இது பக்கவாட்டில் நடக்காது. நீந்துவதும் தோண்டுவதும் எல்லாம் பின்னோக்கித்தான். எமெரிட்டா என்ற பேரினம்தான் உலகின் பல கரைகளில் தூண்டில் இரையாகப் பயன்படுகிறது. அதன் உறவான ஹிப்பாவும் பார்க்க ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். ஆனால் சாப்பாட்டு முறை வேறு. அந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பது இரை வைத்துப் பிடிப்பது பற்றிய கேள்வியில் வரும்.

கடிக்குமா? பையன் கையில எடுக்கவே பயப்படுறான்.

எமெரிட்டாவுக்குக் கொடுக்கே கிடையாது. உள்ளங்கையில் வைத்தால் விரலிடுக்கில் தோண்டிப் புதையப் பார்க்கும், குறுகுறுக்கும், அவ்வளவுதான். பையன் கையில் ஒன்றை வைத்துப் பாருங்கள், அப்புறம் அவன்தான் உங்களைவிட வேகமாகப் பிடிப்பான்.

நானும் கரை முழுக்க தோண்டிப் பார்த்துட்டேன், ஒண்ணுகூட இல்லையே. எங்கதான் இருக்கும்?

கரை முழுக்கத் தோண்டியதுதான் பிரச்சினை. மணல் நண்டு கரை முழுவதும் பரவி இருக்காது. திட்டுத் திட்டாகக் கூடி இருக்கும். ஒரு திட்டில் கை வைத்த இடமெல்லாம் நண்டு, பத்தடி தள்ளினால் ஒன்றுமே இருக்காது. அதனால் தோண்டுவதற்கு முன்னால் நின்று பார்க்க வேண்டும். பத்து அலை வந்து போகும் வரை சும்மா நில்லுங்கள்.

எதைப் பார்ப்பது? அலை ஏறும்போது ஒன்றும் தெரியாது. அது வடியும்போது, மணல்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் கடலை நோக்கி ஓடும் அந்த இரண்டு மூன்று விநாடிதான் முக்கியம். நண்டு கடலைப் பார்த்தபடி மணலுக்குள் புதைந்திருக்கும். கண்ணும் மூச்சு விடும் உறுப்பும் மட்டும் மணல் மட்டத்தில் இருக்கும். தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகளை விரித்து, ஓடும் நீரில் இருக்கும் நுண்ணுயிர்களை அரித்துத் தின்னும். அந்த உணர்கொம்புகள் தண்ணீரைக் கிழிப்பதால் மணல்மேல் அம்பு முனை மாதிரிச் சின்னச் சின்னத் தடங்கள் விழும். ஒரே இடத்தில் அப்படிப் பத்து இருபது தடங்கள் தெரிந்தால் அதுதான் திட்டு. தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு அதே இடத்தில் மணல் சொறிசொறியாக, புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பறவைகளும் காட்டிக் கொடுக்கும். அலை இறங்கும்போது பின்னாலேயே ஓடி, ஏறும்போது திரும்பி ஓடி வரும் சின்ன உள்ளான்கள் ஓரிடத்திலேயே திரும்பத் திரும்பக் கொத்தினால் அங்கே போய்ப் பாருங்கள். அலை விட்டுச்சென்ற குப்பைக் கோட்டில் நண்டு கழற்றிய மெல்லிய ஓடுகள் கிடந்தாலும் நல்ல அறிகுறிதான். ஆனால் ஓடு மிதந்து வரும், ஆகவே நண்டு சரியாக அதன் கீழே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

சேற்றுக் கரை, அலையே அடிக்காத உள்வாங்கிய விரிகுடா, பாறை மட்டும் உள்ள இடம் ஆகியவற்றில் தேடாதீர்கள். இதன் சாப்பாடே அலை கொண்டு வருவதுதான். அலை இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

கடல் ஏறும்போது போகணுமா, இறங்கும்போதா?

இரண்டிலும் கிடைக்கும், ஆனால் இடம் மாறும். கடல் மட்டம் ஏற ஏற நண்டும் மணலை விட்டு வெளியே வந்து, அலையோடு உருண்டு, மேலே போய்ப் புதைந்துகொள்ளும். மட்டம் இறங்கினால் அதுவும் இறங்கும். எப்போதும் அலை ஏறி இறங்கும் அந்தப் பட்டையிலேயே இருக்கப் பார்க்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே பல கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம் இடைவெளி. அதற்குள் பட்டை மேலும் கீழும் ஒரு முறை போய் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கிடைத்த இடத்திலேயே தோண்டிக்கொண்டு நிற்பதில் பயனில்லை.

என் விருப்பம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுப்பட்ட நேரம். முழு ஏற்றத்தில் அலை சரிவின் உச்சியில் மோதும், நின்று வேலை செய்ய முடியாது. முழு வற்றத்தில் பட்டை தொலைவில் போய்விடும், அம்புத் தடமும் சரியாகத் தெரியாது.

எந்த காலத்துல நிறைய கிடைக்கும்?

கடல் சூடாகவும் அமைதியாகவும் இருக்கும் மாதங்களில். குளிர்காலப் புயல் அலை கரை மணலை அரித்துக் கொண்டுபோகும் இடங்களில் நண்டும் மணலோடு போய்விடும். மணல் திரும்பிச் சேரும்போது புதிய தலைமுறை வரும்.

எந்தக் கருவியும் இல்லாம வெறும் கையால முடியுமா?

தாராளமாக. இரண்டு மூன்று மணி நேரம் தூண்டில் போட ஒருவருக்கு இருபது முப்பது நண்டு போதும், அதற்குக் கையே போதும். அம்புத் தடம் தெரிந்த இடத்துக்குக் கடல் பக்கமாக ஒரு சாண் தள்ளி இரண்டு கைகளையும் மணலில் சொருகி, அடி மணலோடு அள்ளி, விரல் வழியே தண்ணீரில் கரைய விடுங்கள். மணல் போகும், நண்டு உள்ளங்கையில் குறுகுறுக்கும். பெரும்பாலும் விரல் நீள ஆழத்துக்குள்தான் இருக்கும். முழங்கை வரை தோண்ட வேண்டாம்.

வேகம் தேவை. கலைந்த நண்டு இரண்டு விநாடிக்குள் மறுபடி புதைந்துவிடும். கண்ணால் பார்த்து, பிறகு யோசித்துக் கை நீட்டினால் அது அங்கே இருக்காது.

வீட்ல இருக்கற பொருள்ல எது வேலைக்கு ஆகும்? காய் கழுவுற ஓட்டைக் கூடை போதுமா?

போதும். பெரிய ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடை, துணி போடும் வலைக்கூடை, அடியில் துளை போட்ட பழைய பக்கெட், வெங்காயம் வரும் வலைப்பையைக் கம்பி வளையத்தில் கட்டியது எல்லாமே வேலை செய்யும். மாவு சலிக்கும் சல்லடை மட்டும் வேண்டாம்; கண் அத்தனை சிறிதாக இருந்தால் மணல் வடியவே வடியாது, அலை வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

கூடையைக் கையாளும் விதம் ஒன்றுதான். திட்டுக்குக் கடல் பக்கமாகக் கூடையை மணலில் அழுத்தி வையுங்கள், வாய் கரையைப் பார்க்கட்டும். அலை வடியத் தொடங்கியதும் கூடைக்கு மேல்பக்க மணலைக் காலால் கிளறுங்கள். கலைந்த நண்டைத் திரும்பும் தண்ணீரே கொண்டுவந்து கூடைக்குள் போடும். மற்ற கருவிகள் எல்லாம் இந்த ஒரே விஷயத்தைக் கொஞ்சம் வசதியாகச் செய்வதற்குத்தான். பிடிப்பது அலை. நாம் வாயைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கம்பிவலைப் பெட்டி எப்படி செய்றது? அளவோட சொல்லுங்க.

நான் சொல்லும் அளவு ஒரு ஆள் தனியாகத் தூக்கக்கூடியது: அகலம் 40 சென்டிமீட்டர், முன்பின் ஆழம் 25, உயரம் 20. இதைவிடப் பெரிதாகச் செய்யத் தோன்றும், வேண்டாம். ஈர மணல் நிறைந்தால் தூக்க முடியாது, திரும்பும் அலையின் இழுப்பும் கூடும்.

மெல்லிய ரீப்பர் கட்டையில் இந்த அளவுக்கு ஒரு செவ்வகக் கூட்டைத் திருகாணி போட்டுப் பொருத்துங்கள். ஆணி அடித்தால் நாலு நாளில் ஆடத் தொடங்கிவிடும். கட்டைக்குப் பதில் பிவிசி குழாயிலும் செய்யலாம். அப்போது மூலைக்கு மூன்று வாய் உள்ள இணைப்பு எட்டு தேவைப்படும், குழாய்களில் அங்கங்கே துளை போட்டுத் தண்ணீர் உள்ளே போக விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டுப் பெட்டி மிதந்துகொண்டே இருக்கும். அடிப்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து ஒரே துண்டாக 40க்கு 45 வலையை வெட்டி, அடிக்கு 25, பின்பக்கத்துக்கு 20 வரும்படி மடக்குங்கள். இரண்டு பக்கங்களுக்கு 25க்கு 20 அளவில் ஆளுக்கொரு துண்டு. முன்வாயும் மேற்பக்கமும் திறந்தே இருக்கட்டும். கட்டைக்கு ஸ்டேப்பிள் ஆணி, குழாய்க்கு கேபிள் டை.

கைப்பிடிதான் பலர் சொதப்பும் இடம். ஒன்றரை மீட்டர் நீளக் கழி எடுத்து, அதன் அடியைப் பின்பக்கக் கீழ்ச் சட்டத்தின் நடுவில் கட்டுங்கள். கழி பெட்டிக்குள் சாய்வாக ஏறி, முன்வாயின் மேல் சட்டத்து நடுவைத் தொட்டு வெளியே வர வேண்டும். அங்கே இன்னொரு கட்டு. இப்படிக் கட்டினால், நீங்கள் கரைப் பக்கம் நின்று கடலைப் பார்க்கும்போது பெட்டியின் வாய் உங்களைப் பார்க்கும், கழியின் நுனி இடுப்பு உயரத்தில் கைக்கு வரும். இரண்டு இடத்தில் பிடிப்பு இருப்பதால் மணல் பாரத்தில் கழி பிடுங்கிக்கொண்டு வராது.

கடைசியாக, வெட்டிய கம்பி முனைகளை எல்லாம் வெளிப்பக்கமாக மடக்கி, மேலே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கச் சுற்றிவிடுங்கள். உள்ளே கை விட்டு நண்டு பொறுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

வலைக்கண் எவ்வளவு பெருசா இருக்கணும்?

அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர் அளவு. தூண்டிலுக்கு ஆகும் பெரிய நண்டு தங்கும், குஞ்சும் சின்ன ஆணும் தப்பிக்கும், மணலும் சட்டென வடியும். கால் அங்குலக் கண்ணில் எல்லாமே மாட்டும். பருமணல் உள்ள கரையில் கண் அடைத்துக்கொள்ளும். சின்ன மீனுக்குச் சின்ன நண்டு வேண்டும் என்பவர்கள் மட்டும் கால் அங்குலத்துக்குப் போகலாம்.

கடையில் கேட்கும்போது துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் என்று கேளுங்கள். பூச்சு இல்லாத இரும்பு உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடித்து உதிரும். பூச்சு உள்ளதையும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்தால்தான் நீடிக்கும்.

பெட்டி செஞ்சாச்சு. ஆனா மணல்தான் நிறையுது, நண்டு வரவே மாட்டேங்குது. எங்க தப்பு?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, நேரம். அலை ஏறும்போது கிளறினால் நண்டு உங்களைத் தாண்டிக் கரைப் பக்கம் போய்விடும். வடியத் தொடங்கிய பிறகு கிளற வேண்டும். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு கிளறினால் நண்டைக் கொண்டுவர ஓட்டமே இருக்காது.

இரண்டாவது, அடிச் சட்டம் மணலுக்குமேல் தூக்கிக்கொண்டிருப்பது. அந்த இடைவெளி வழியாக நண்டு அடியிலேயே போய்விடும். வைக்கும்போது பெட்டியை ஒருமுறை முன்னால் இழுத்து, வாயின் கீழ் விளிம்பை இரண்டு விரல் ஆழம் மணலில் புதையுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம்: திட்டே இல்லாத இடத்தில் நிற்பது. இரண்டு மூன்று அலைக்கு ஒன்றுகூட விழாவிட்டால் பெட்டியைக் குறை சொல்லாமல் பத்தடி நகருங்கள். மணல் நிறைவது தப்பில்லை. அடுத்த அலை ஏறும்போது பெட்டியை இலேசாகத் தூக்கி ஆட்டினால் மணல் கழுவிக்கொண்டு போகும், நண்டு அடியில் தங்கும்.

மண்வெட்டியால வெட்டி சலிச்சா சீக்கிரம் முடியாதா?

முடியும். ஆனால் கூர்மையான வெட்டு பாதி நண்டை நசுக்கும், கரையில் குழியும் விழும். கடல் இறங்கி, மேலே ஈர மணலில் தங்கிப்போன நண்டை எடுக்க மட்டும் தோட்ட வேலைக்கான முள் கரண்டி உதவும். அந்தக் குழியையும் மூடிவிட்டு வாருங்கள். இருட்டில் கால் மடங்கி விழுபவர் நீங்களாகவே இருக்கலாம்.

குழாய் பம்ப் வச்சு உறிஞ்சி எடுக்குறாங்களே, அது இதுக்கு ஆகுமா?

அந்தப் பம்ப் சேற்றுத் திட்டில் ஆழமான வளைக்குள் இருக்கும் இறால் வகைகளுக்கானது. மணல் நண்டுக்கு வளையே இல்லை, மேலாகப் புதைந்து கிடக்கிறது. பம்ப் அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மீன் துண்டு ஏதாவது வச்சா தானா வந்து மாட்டாதா?

முதல் கேள்வியில் சொன்ன வித்தியாசம் இங்கே வருகிறது. எமெரிட்டா தண்ணீரை அரித்து நுண்ணுயிர் தின்பது; நீங்கள் வைக்கும் மீன் துண்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஹிப்பா அப்படியல்ல. செத்தது, அழுகியது என்று அலையில் வருவதைப் பிடித்துத் தின்னும். ஹிப்பா இருக்கும் கரையில் நாற்றமடிக்கும் மீன் தலையைக் கயிற்றில் கட்டி அலை வடியும் இடத்தில் போட்டால், அருகில் இருப்பவை வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது கையால் பொறுக்கிவிடலாம்.

உங்கள் கரையில் இருப்பது எது என்று தெரிய இதுவே சோதனை. அம்புத் தடம் விழுகிறது, மீன் தலைக்கு ஒன்றும் வரவில்லை என்றால் அது எமெரிட்டாவாகத்தான் இருக்கும்.

பக்கெட்ல கடல் தண்ணி ஊத்தி போட்டேன், அரை நாள்ல எல்லாம் செத்து நாறிடுச்சு. எப்படி வைக்கறது?

தண்ணீர்தான் கொன்றது. அசையாத தண்ணீரில் ஐம்பது நண்டு இருந்தால் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும். வெயிலில் சூடானால் இன்னும் வேகமாக. செவுள் ஈரமாக இருந்தால் மணல் நண்டு தண்ணீருக்கு வெளியிலும் பல மணி நேரம் தாங்கும். ஆகவே பக்கெட்டின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஈர மணல், அதன்மேல் நண்டு, அதன்மேல் கடல் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சாக்கு அல்லது கடற்பாசி. அடியில் தண்ணீர் தேங்கினால் சாய்த்துக் கொட்டிவிடுங்கள். நிழலில் வையுங்கள். அரைமணிக்கு ஒருதரம் சாக்கை மறுபடி நனையுங்கள்.

நல்ல தண்ணீர் மட்டும் படவே கூடாது. சாக்கை நனைக்கக் குடிதண்ணீர் பாட்டிலைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நண்டு பிழைக்காது.

மறுநாளைக்கு வச்சுக்கலாமா? ஃப்ரீசர்ல போட்டா?

மேலே சொன்ன ஏற்பாட்டோடு அகலமான டப்பாவில் ஒரே அடுக்காகப் பரப்பி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். மூடியில் துளை வேண்டும். செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் மற்றதும் போகும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது சதை கூழாகிவிடும், முள்ளில் நிற்காது. வேறு இரையே கிடைக்காத நாளில், மெல்லிய எலாஸ்டிக் நூல் சுற்றிக் கட்டிப் போடலாம். உயிருள்ள நண்டுக்குக் கடிக்கிற மாதிரிக் கடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முட்டை வச்சிருக்கற நண்டுதான் மீனுக்கு ரொம்ப பிடிக்கும்னு சொல்றாங்க. அதையே பொறுக்கி எடுக்கலாமா?

பிடிக்கும் என்பது உண்மைதான். வயிற்றுப்பக்கம் வால் மடிப்புக்குள் ஆரஞ்சு நிறத்தில் திரளாகத் தெரிவது முட்டை. முற்ற முற்ற அது சாம்பல் நிறமாகும். கலிபோர்னியக் கரையில் இருக்கும் எமெரிட்டா அனலோகா ஒரு தடவையில் 45,000 முட்டை வரை சுமக்கும் என்று பதிவாகியிருக்கிறது. பொரித்த குஞ்சு மாதக்கணக்கில் கடலில் மிதந்து அலைந்துவிட்டுத்தான் ஏதோ ஒரு கரை சேரும்.

இத்தனை முட்டை போடுகிறதே, நாலு எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். முட்டைக்காரியைத் திருப்பி விட்டுவிடுவதுதான் என் பழக்கம். முட்டை இல்லாத நண்டும் மீனுக்கு நல்ல இரைதான், திட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை. சாம்பல் முட்டை உள்ளது இன்னும் சில நாளில் பொரிக்கப் போவது. அதை எடுப்பதில் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை.

மெத்து ஓடு நண்டு வேணும்னு எல்லாரும் தேடுறாங்களே, அது என்ன?

எல்லா நண்டையும் போல இதுவும் வளர்வதற்காக ஓட்டைக் கழற்றும். கழற்றிய புதிதில் புது ஓடு காகிதம் மாதிரி மெலிதாக இருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கும், நிறமும் சற்று வெளிறி, ஊடுருவித் தெரிகிற மாதிரி இருக்கும். கரையோர மீன்களுக்கு இதைவிடப் பிடித்த இரை குறைவு.

ஒரு பெட்டி அள்ளினால் இதில் ஒன்றிரண்டுதான் தேறும். அதனால் அள்ளியதை எல்லாம் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திப் பார்த்து, மெத்தென்றிருப்பதைத் தனி டப்பாவில் போட்டு, மிச்சத்தில் தேவையானதை மட்டும் எடுத்து மற்றதை அங்கேயே விடலாம். மெத்து நண்டு அடியில் கிடந்தால் மற்றதின் பாரத்தில் நசுங்கும். தனி டப்பா அதற்காகத்தான்.

முள்ளுல கோத்து வீசினா காத்துலயே பிஞ்சு பறந்து போகுது. எப்படி கோக்கறது?

முதுகு ஓட்டில் மட்டும் குத்துவதால் அப்படி ஆகிறது. நண்டைத் திருப்பிப் பிடித்து, வயிற்றுப்பக்கம் வால் மடிப்பு இருக்கும் முனையில் முள்ளை நுழைத்து, உடல் வழியாகக் கொண்டுபோய் முதுகில் முனை மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். முள்ளின் முனை மூடியிருந்தால் மீனின் வாயில் ஏறாது. ஓடு கெட்டியானது என்பதால் இது இன்னும் முக்கியம்.

முள் அளவு நண்டைப் பொறுத்தது. 6 முதல் 2 வரை எண்ணுள்ள முள் பெரும்பாலான நண்டுக்குச் சரி (எண் குறையக் குறைய முள் பெரிது). மெல்லிய கம்பி முள்ளாக இருந்தால் நண்டு உடையாது. வீசும்போது வெடுக்கென்று சுண்டாமல், கழியைச் சீராகச் சுழற்றி விடுங்கள். மெத்து நண்டு என்றால் இரண்டு சுற்று எலாஸ்டிக் நூல் கட்டிவிடுவது நல்லது.

எந்த மீன் கடிக்கும்? எவ்வளவு தூரம் வீசணும்?

மணலோரம் மேயும் மீன் எல்லாம்: கத்தாழை வகைகள், கிழங்கான், கரையோரம் சுற்றும் பாறை மீன்கள், இன்னும் அந்தந்தக் கடலில் அலைக்குள் வந்து மணலைக் கிளறித் தின்னும் எதுவும். இவை கடித்து எடுக்கும் இடம் நண்டு புரளும் இடம்தான். ஏற்றத்தில் நண்டு மேலே வரும்போது பின்னாலேயே மீனும் வரும், முழங்கால் ஆழத்துக்குள்ளேயே.

இதைத் தெரிந்துகொண்டும் ஆட்கள் எண்பது மீட்டர் வீசிக்கொண்டிருப்பார்கள். மீன் அவர்கள் காலுக்கும் ஈயக்குண்டுக்கும் நடுவில் இருக்கும். முதல் வீச்சு பத்து, பதினைந்து மீட்டர் போதும். முதல் அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் குறி. ஈயக்குண்டு நரம்பில் வழுக்கி ஓடும்படி கோத்து, அடுத்து ஒரு முழம் மெல்லிய நரம்பில் முள். அலை ஈயத்தை மெல்ல உருட்டுகிற அளவு எடை இருந்தால் போதும். உருளும் நண்டுதான் மீன் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்.

சின்ன மீன் கொத்திக் கொத்தியே நண்டு காலியாகுது. என்ன பண்றது?

பெரிய, கெட்டி ஓடு நண்டுக்கு மாறுங்கள். மெத்து நண்டை இந்த நேரத்தில் வீணாக்காதீர்கள். அப்படியும் தொல்லை என்றால் இடம் மாற்றுவது ஒன்றுதான் வழி.

அலைக்குள்ள நின்னு பண்றது ஆபத்தில்லையா?

கவனம் கெட்டால் ஆபத்துதான். பெட்டி செய்யும் பதிலில் கரைப் பக்கம் நின்று கடலைப் பார்க்கும்படி கைப்பிடி கட்டச் சொன்னதற்கு முதல் காரணம் இதுவே. குனிந்து பொறுக்கும்போதுகூட முதுகைக் கடலுக்குக் காட்டாதீர்கள். பொறுக்குவதை மேலே ஏறி வந்து செய்யுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டிய தேவையே கிடையாது, நண்டு அங்கே குறைவு. திருக்கை வரும் கரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். பெட்டிக் கழியை இடுப்பிலோ மணிக்கட்டிலோ கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளக் கூடாது. அலை இழுத்தால் விட்டுவிட வேண்டியது பெட்டியை.

இதுக்கெல்லாம் அனுமதி வேணுமா?

இடத்துக்கு இடம் மாறும். சில அரசுகள் ஓர் ஆள் ஒரு நாளைக்கு இத்தனைதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சில இடங்களில் எந்தக் கருவி ஆகும் என்பதற்கும் விதி உண்டு. பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியில் ஒரு நண்டைக்கூட எடுக்கக் கூடாமல் இருக்கலாம். அந்தப் பகுதி மீன்வளத் துறையிடம் கேட்டுவிட்டுப் பெட்டி செய்யத் தொடங்குவது உத்தமம்.

மிச்சமானதை நாமளே வறுத்து சாப்பிட்டா என்ன?

இரையாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எமெரிட்டா தண்ணீரை அரித்துத் தின்பது என்று சொன்னேன் அல்லவா, கடலில் நச்சுப் பாசி பெருகும்போது அதன் நஞ்சும் இதன் உடலில் சேரும். டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு கடலில் இருக்கிறதா என்று அறிய ஆய்வாளர்கள் மணல் நண்டையே சோதித்திருக்கிறார்கள். சமைத்தால் அந்த நஞ்சு போகாது. கடல் நிறம் மாறியிருக்கும் நாளில் இரைக்குப் பிடிப்பதையும் தள்ளிப் போடலாம்.

போன வாரம் இதே இடத்துல அள்ளு அள்ளுன்னு இருந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல. யாராவது அள்ளிட்டுப் போயிட்டாங்களா?

ஆள் அள்ளியதால் ஒரு வாரத்தில் திட்டு முழுக்கக் காலியாவது அபூர்வம். நண்டு மேலும் கீழும் நகர்வதோடு கரையோரமாகப் பக்கவாட்டிலும் அடித்துச் செல்லப்படும். அலை சாய்வாக வந்து அடிக்கும் நாட்களில் திட்டே இடம் பெயர்ந்துவிடும். பெரிய அலை வந்த மறுநாள் கரையின் சரிவே மாறியிருக்கும். ஆகவே நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக நூறு இருநூறு மீட்டர் நடந்து, அம்புத் தடம் தேடுங்கள். கரை நேர்கோடாக இல்லாமல் பிறை பிறையாக வளைந்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் நின்று பாருங்கள். ஒரு வளைவில் இல்லாதது அடுத்ததில் குவிந்திருக்கும்.

தூண்டில் முடிஞ்சு உயிரோட மிச்சம் இருக்கு. வேற கரையில நண்டே இல்ல, அங்க கொண்டுபோய் விட்டா பெருகும்ல?

வேண்டாம். நண்டு இல்லாத கரையில் அலை, மணல் பருமன், சாப்பாடு என்று ஏதோ ஒன்று அதற்குச் சரிப்படாததால்தான் இல்லை. மணல் நண்டு உடலில் பறவைகளுக்குப் போகும் ஒட்டுண்ணிப் புழுக்களும் இருக்கும். அவற்றையும் சேர்த்துத்தான் கொண்டுபோவீர்கள். பிடித்த கரையிலேயே, அலை வடியும் ஈர மணலில் பக்கெட்டைச் சாய்த்துவிடுங்கள். உயிருள்ளது தானாகப் புதைந்துவிடும். அசையாமல் கிடப்பதை அடுத்த அலைக்கு விட்டுவிடலாம், பறவையோ மீனோ பார்த்துக்கொள்ளும்.